பொம்மை

வங்காளி மொழியில் 'புதுல்' என்றால் பொம்மை. ஜல்பாய்குரியில் 1945-ஆம் ஆண்டு பிறந்த ஒரு பெண் குழந்தையை வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அழகான குழந்தை, பெயர் பொருத்தமாகத்தான் இருந்திருக்கும். அந்தப் புதுல் வளர்ந்து, கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளைப் பெற்று, வெளியே வந்து நாலு பேர் எதிரில் பேசக் கூச்சப்படும் குடும்பப் பெண்ணாக முப்பத்தைந்து வயது வரை இருந்துவிட்டு, பிறகு மூன்று தடவை ஒரு தேசத்தின் பிரதம மந்திரியானாள் என்று நான் ஒரு தொடர்கதையில் எழுதியிருந்தால், பத்திரிகை ஆசிரியர் ஓர் அசட்டுச் சிரிப்புடன் அதைத் திருப்பித் தந்திருப்பார். கதை எழுதுகிறவனுக்குத்தான் நம்பும்படி எழுத வேண்டும் என்ற கட்டுப்பாடெல்லாம். சரித்திரத்துக்கு அது கிடையாது.

பேகம் கலீதா ஜியாவைப் பற்றித்தான் சொல்கிறேன்.

தகப்பனார் தேயிலை வியாபாரி. 1947-ல் தேசம் இரண்டானபோது ஜல்பாய்குரி இந்தியாவில் நின்றுவிட்டது. குடும்பம் எல்லையைத் தாண்டி தினாஜ்பூருக்குப் போயிற்று. 1960-ல், பதினைந்து வயதுக்குள், ஜியாவுர் ரஹ்மான் என்ற ராணுவக் காப்டனுக்கு அந்தப் பெண்ணைக் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். கல்லூரிப் பட்டம் எதுவும் அவர் வாங்கவில்லை. இந்த இரண்டு விவரத்தையும் வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் தேவைப்படும்.

1971 மார்ச்சில் கிழக்குப் பாகிஸ்தானில் ராணுவம் சொந்த ஜனங்களைச் சுட ஆரம்பித்தது. அப்போது மேஜராக இருந்த ஜியா சிட்டகாங்கில் கலகம் செய்து, 27-ஆம் தேதி காலூர்காட் வானொலி நிலையத்திலிருந்து ஷேக் முஜீபின் பெயரால் சுதந்திரப் பிரகடனம் வாசித்தார். கணவன் வானொலியில் சரித்திரம் படைத்துவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டான். மனைவி இரண்டு சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒளிந்து ஒளிந்து டாக்கா வந்து சேர்ந்தாள். ஜூலை 2-ஆம் தேதி பாகிஸ்தான் ராணுவம் அவரைப் பிடித்துக்கொண்டு போய் டாக்கா கண்டோன்மெண்டில் அடைத்தது. டிசம்பர் 16-ஆம் தேதி அந்தப் படை சரணடைகிற வரையில் சிறைதான். வீரர்களுடைய சரித்திரத்தில் இந்த ஐந்தரை மாதங்களுக்கு ஒரு வரிக்கு மேல் இடம் ஒதுக்குவதில்லை. அந்த மாதங்களில் குழந்தைகளுக்கு என்ன சொல்லிச் சமாளித்தாள் அந்தத் தாய் என்று யாராவது கேட்டு எழுதியிருக்கலாம்.

சுதந்திரம் வந்தது. ஜியா ராணுவத்தின் உதவித் தளபதியானார். அதே கண்டோன்மெண்டில் மொய்னுல் ரோடு 6-ஆம் நம்பர் வீட்டுக்குக் குடிவந்தார்கள். இந்த வீடும் ஒரு பாத்திரம்தான்.

1975 ஆகஸ்ட் 15 விடியற்காலையில் சில ராணுவ அதிகாரிகள் ஷேக் முஜீபை மனைவி, மக்கள், மருமக்கள், பத்து வயதுப் பையன் உள்பட அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். மூத்த மகள் ஹஸீனாவும் தங்கையும் வெளிநாட்டில் இருந்ததால் தப்பினார்கள். நவம்பர் 3-ஆம் தேதி மறுபடி ஒரு புரட்சி. அன்று இரவில் நாஜிமுத்தீன் ரோடு மத்திய சிறையில் முஜீபின் நான்கு சகாக்கள் கொலை செய்யப்பட்டார்கள். அப்போது தளபதியாகிவிட்டிருந்த ஜியா மொய்னுல் ரோடு வீட்டிலேயே காவலில் வைக்கப்பட்டார். வரவேற்பு அறை டெலிபோனைத் துண்டித்தவர்கள் படுக்கை அறை டெலிபோனை மறந்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். அந்த டெலிபோனில் ஜியா கர்னல் தாஹெரைக் கூப்பிட்டார். 7-ஆம் தேதி சிப்பாய்கள் கிளம்பி வந்து அவரை விடுவித்தார்கள். கொஞ்ச நாளில் தேசமே அவர் கைக்கு வந்தது. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்த தாஹெரை அடுத்த ஆண்டு ஜூலையில் தூக்கில் போட்டது ஜியாவின் ராணுவ நீதிமன்றம். டெலிபோன் சம்பாஷணைக்கு இவ்வளவு விலை கொடுத்தவர் உலகத்தில் வேறு யாரும் இருப்பார்களா, தெரியவில்லை.

1977-ல் ஜியா ஜனாதிபதியானார். மறு ஆண்டு பங்களாதேஷ் தேசியக் கட்சியை ஆரம்பித்தார். மனைவி அரசாங்க விருந்துகளில் தலையைக் காட்டுவதோடு சரி. 1981 மே 17-ஆம் தேதி, ஆறு வருஷ அஞ்ஞாத வாசத்துக்குப் பிறகு ஹஸீனா டாக்காவில் வந்து இறங்கினார். பதின்மூன்றே நாள் கழித்து, மே 30-ஆம் தேதி, சிட்டகாங் சர்க்யூட் ஹவுஸில் ஜியாவைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். தகப்பனைப் பறிகொடுத்த ஒரு பெண், புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண். அடுத்த நாற்பது ஆண்டுகள் பங்களாதேஷின் அரசியல் இந்த இரண்டு துக்கங்களுக்கும் நடுவில்தான் ஊசலாடியது.

தலைவர் போன கட்சியில் தலைக்குத் தலை நாட்டாண்மை. சண்டையை நிறுத்த ஒரு முகம் வேண்டியிருந்தது. விதவையின் முகத்தைவிட அதற்குச் சௌகரியமானது எது? 1982 ஜனவரியில் கலீதாவைக் கட்சியில் சேர்த்தார்கள். மார்ச்சில் ஜெனரல் எர்ஷாத் ஆட்சியைப் பறித்துக்கொண்டார். 1984 மே மாதம் அவர் கட்சித் தலைவியானார். கட்சியின் பெரியவர்கள் மனசில் நினைத்தது ஒரு பொம்மையைத்தான் என்பது என் அபிப்பிராயம். மேடையில் வெள்ளைப் புடவையுடன் உட்கார வைத்துவிட்டுக் கயிற்றைத் தாங்கள் பிடித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

அந்தக் கணக்கு 1986-ல் தவறிப்போயிற்று. எர்ஷாத் தேர்தல் என்று ஒன்று அறிவித்தார். சர்வாதிகாரியின் தேர்தலில் கலந்துகொள்வதில்லை என்று எதிர்க் கட்சிகள் எல்லாம் பேசிக்கொண்டிருந்தன. கடைசி நேரத்தில் ஹஸீனாவின் அவாமி லீக் போட்டியில் இறங்கியது. கலீதா மாட்டேன் என்றார். மந்திரி பதவி ஆசை காட்டிப் பலரை எர்ஷாத் இழுத்துக்கொண்டார். கலீதாவைப் பல முறை வீட்டுக் காவலில் வைத்தார்கள். மாட்டேன் என்ற ஒரே வார்த்தை. ஹஸீனாவைப் போல அவருக்குப் பேசத் தெரியாது. நீண்ட பிரசங்கமும் தத்துவமும் அவரிடம் இல்லை. ஆனால் ஜனங்களுக்குச் சில சமயம் அந்த ஒரு வார்த்தையே போதுமாயிருக்கிறது. 'சமரசம் செய்யாத தலைவி' என்று பட்டம் கொடுத்தார்கள். 1990 கடைசியில் டாக்கா மாணவர்கள் தெருவில் இறங்க, இரண்டு பெண்மணிகளும் ஒரே கோரிக்கையில் நிற்க, டிசம்பர் 6-ஆம் தேதி எர்ஷாத் ராஜினாமா செய்தார்.

1991 பிப்ரவரித் தேர்தலில் ஹஸீனாதான் ஜெயிப்பார் என்று கெட்டிக்காரர்கள் எல்லாம் சொன்னார்கள். 300 இடங்களில் 140 கலீதாவின் கட்சிக்கு, 88 அவாமி லீகுக்கு. ஐந்து தொகுதிகளில் நின்ற அவர் ஐந்திலும் வென்றார். மார்ச் 20-ஆம் தேதி பதவி ஏற்றார். அந்த நாட்டின் முதல் பெண் பிரதம மந்திரி. நாற்பது நாள்தான் ஆகியிருந்தது, ஏப்ரல் 29 இரவு சிட்டகாங் கரையில் புயல் அடித்தது. ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் பேர் மாண்டார்கள்.

அந்த ஆண்டே இன்னொரு காரியமும் நடந்தது. அவருடைய கட்சி ஜனாதிபதி ஆட்சி முறையை விரும்புகிற கட்சி. கணவர் ஆண்ட வழி அது. அதை விட்டுக்கொடுத்து, பாராளுமன்ற முறைக்குத் திரும்ப ஒப்புக்கொண்டார். ஆளும் கட்சியும் எதிர்க் கட்சியும் சேர்ந்து ஓட்டுப் போட்டு, அரசியல் சட்டத்தின் 12-ஆவது திருத்தத்தை நிறைவேற்றின. கலீதாவும் ஹஸீனாவும் சபையில் ஒரே பக்கம் கை தூக்கிய காட்சி அபூர்வமானது. நான் நாடக ஆசிரியனாக இருந்தால் அந்த இடத்தில் திரையை இறக்கிவிடுவேன்.

ஆனால் எனக்கு அவருடைய ஆட்சியில் எல்லாவற்றையும்விட மனசில் நிற்பது வேறு. பெண்களுக்குப் பத்தாம் வகுப்பு வரை இலவசப் படிப்பு ஏற்பட்டது. 1994 முதல் கிராமங்களில் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிற பெண்களுக்கு உதவிப் பணம் கொடுக்கும் திட்டம் நாடு முழுவதும் பரவியது. பணம் தகப்பன் கைக்குப் போகாது. பெண்ணின் பெயரிலேயே பாங்கிக் கணக்கு. நிபந்தனைகள் மூன்று. நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் வகுப்புக்கு வர வேண்டும். பரீட்சையில் நூற்றுக்கு நாற்பத்தைந்து மார்க் வாங்க வேண்டும். மூன்றாவதாக, கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது.

பதினைந்து வயதுக்குள் கல்யாணமான ஒரு பெண்மணியின் அரசாங்கம் போட்ட நிபந்தனை அது. திட்டத்தை அதிகாரிகள்தான் வகுத்தார்கள், பணத்தில் ஒரு பகுதி வெளிநாட்டுக்காரர்களுடையது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இருந்தாலும் கோப்பு மேஜைக்கு வந்தபோது அந்த மூன்றாவது வரியைப் படித்த புதுல் ஒரு கணமாவது பேனாவை நிறுத்தியிருக்க மாட்டாரா? சில ஆண்டுகளில் பங்களாதேஷின் உயர்நிலைப் பள்ளிகளில் பையன்களின் எண்ணிக்கையைப் பெண்களின் எண்ணிக்கை எட்டிப் பிடித்துவிட்டது.

இத்தோடு நிறுத்திவிட்டால் ஸ்தோத்திரம் ஆகிவிடும். 1996 பிப்ரவரியில், எதிர்க் கட்சிகள் எல்லாம் ஒதுங்கி நிற்க, அவரும் ஒரு தேர்தல் நடத்தினார். எர்ஷாத் நடத்தியதற்கும் அதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? அந்தச் சபை பொறுப்பு அரசாங்கத்தின் கீழ் தேர்தல் நடத்தும் சட்டத்தை நிறைவேற்றிவிட்டுச் சில வாரங்களில் கலைந்தது. ஜூன் தேர்தலில் ஹஸீனா வந்தார். 2001-ல் கலீதா மறுபடி வந்தார், பெரிய வெற்றியோடு. கூட ஜமாத்-இ-இஸ்லாமியும் வந்தது. 1971-ல் தம்மைச் சிறைவைத்த ராணுவத்தின் பக்கம் நின்ற கட்சியின் தலைவர்களுக்கு மந்திரி பதவி கொடுத்தார். கணவனின் வானொலிக் குரலை அவர் எப்படி மறந்தார் என்பது எனக்கு விளங்கவேயில்லை. 2001 முதல் 2005 வரை ஊழல் பட்டியலில் பங்களாதேஷுக்கு உலகிலேயே கடைசி இடம். முதல் ஆண்டுப் பட்டியல் ஹஸீனா காலத்தது, மற்றவை இவர் காலத்தவை. மூத்த மகனின் செல்வாக்கைப் பற்றி ஊரே பேசியது. 2004 ஆகஸ்ட் 21-ஆம் தேதி டாக்காவில் ஹஸீனாவின் கூட்டத்தில் வெடிகுண்டுகள் எறியப்பட்டு 24 பேர் மாண்டார்கள். ஹஸீனா உயிர் தப்பினார். விசாரணையில் ஒரு ஏழைப் பயலைப் பிடித்துப் பொய் வாக்குமூலம் தயாரித்தது போலீஸ். அன்றோடு இரண்டு பெண்களுக்கும் நடுவே பேச்சு செத்துப்போயிற்று.

2008 டிசம்பர் தேர்தலில் கலீதாவின் கட்சிக்கு 30 இடங்களே கிடைத்தன. 2010 நவம்பர் 13-ஆம் தேதி மொய்னுல் ரோடு வீட்டிலிருந்து அவரை வெளியேற்றினார்கள். குத்தகை செல்லாது என்று அரசாங்கம் சொன்னது, கோர்ட்டும் அதை ஆமோதித்தது. 38 வருஷம் குடியிருந்த வீடு. இழுத்து வெளியேற்றினார்கள் என்று அவர் சொன்னார். தாமாகவே போனார் என்று ராணுவத்தார் சொன்னார்கள். பத்திரிகைக்காரர்கள் எதிரில் அன்று அவர் அழுதார். பிறகு வீட்டை இடித்து, ராணுவ அதிகாரிகளுக்கு அடுக்கு மாடிக் கட்டடம் எழுப்பினார்கள்.

மறுபடியும் ஒரு டெலிபோன். 2013 அக்டோபர் 26-ஆம் தேதி ஹஸீனா கலீதாவைக் கூப்பிட்டார். தேர்தல் நெருங்குகிறது, ஹர்த்தாலை நிறுத்திவிட்டு விருந்துக்கு வாருங்கள் என்று அழைப்பு. முப்பத்தேழு நிமிஷம் பேசினார்கள். எதைப் பற்றி? பகல் பூராவும் உங்கள் சிவப்பு டெலிபோனில் அடித்தேன், எடுக்கவில்லை என்றார் இவர். அந்த டெலிபோன் செத்து வருஷக் கணக்காகிறது என்றார் அவர். மணி அடித்தது, அடிக்கவில்லை என்று அதிலேயே பாதிப் பொழுது போயிற்று. என் தகப்பனார் கொலையுண்ட ஆகஸ்ட் 15-ல் நீங்கள் பிறந்தநாள் கேக் வெட்டுகிறீர்களே என்றார் ஹஸீனா. அந்தத் தேதியில் யாரும் பிறக்கக் கூடாதா என்றார் கலீதா. அவருடைய பிறந்த தேதி விஷயத்தில் வெவ்வேறு பதிவுகள் வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன. அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டு கேக் வெட்டியது எனக்கும் பிடிக்காத காரியம். பதினாறு கோடி ஜனங்களின் தலைவிதி கம்பியில் காத்துக்கொண்டிருந்தது. பேச்சை ஒலிப்பதிவு செய்து ஊருக்கெல்லாம் ஒலிபரப்பினார்கள்.

விருந்துக்கு அவர் போகவில்லை. 2014 ஜனவரித் தேர்தலுக்கும் மாட்டேன் என்றார். 300-ல் 153 இடங்களில் போட்டியே இல்லை; ஹஸீனா ஜெயித்தார். 1986-ல் மாட்டேன் என்றதற்கு மாலை போட்டார்கள். இந்த மாட்டேனுக்கு மாலை இல்லை.

2015 ஜனவரியில் இளைய மகன் கோலாலம்பூரில் இறந்துபோனான். தாயார் அப்போது டாக்காவில் தம் கட்சி அலுவலகத்திலேயே அடைபட்டுக் கிடந்தார். அன்று மாலை ஹஸீனா துக்கம் விசாரிக்க வந்தார். வாசல் கதவு பூட்டியிருந்தது, திறக்கவில்லை. அம்மாவுக்கு ஊசி போட்டுத் தூங்க வைத்திருக்கிறோம் என்றார்கள். பிரதம மந்திரி சிறிது நேரம் தெருவில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். அந்தக் கதவுக்கு இரண்டு பக்கமும் நின்று யோசித்துப் பார்த்தேன். ஒரு பக்கத்துக்கும் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

2018 பிப்ரவரி 8-ஆம் தேதி, அநாதைகள் நிதி சம்பந்தமான வழக்கில் ஐந்து வருஷத் தண்டனை. பிறகு ஹைகோர்ட் அதைப் பத்தாக்கியது. அவரைக் கொண்டுபோய் வைத்தது நாஜிமுத்தீன் ரோடு பழைய சிறையில். 1975 நவம்பரில் நால்வர் கொலையுண்ட அதே சிறை. 2016-லேயே கைதிகளையெல்லாம் வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். காலியான அந்தப் பெரிய கட்டடத்தில் அவர் ஒருவர்தான் கைதி. வீட்டில் அவருக்குப் பணிவிடை செய்துவந்த ஒரு பெண், கோர்ட்டின் அனுமதியோடு, தானும் கூடப் போய்ச் சிறையில் இருந்தாள். எந்தக் குற்றமும் செய்யாமல் சிறைக்குப் போன அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு நாவல் எழுதலாம்.

2020 மார்ச்சில் நிபந்தனைகளோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். உடம்பு முழுக்க நோய். 2024 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, மாணவர் கிளர்ச்சியின் முடிவில், ஹஸீனா விமானம் ஏறி இந்தியாவுக்கு ஓடிவந்தார். மறுநாளே கலீதாவின் விடுதலைக்கு ஜனாதிபதி உத்தரவு பிறந்தது. 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அந்த வழக்கிலிருந்து அவரை முற்றிலும் விடுவித்தது. டிசம்பர் 30-ஆம் தேதி டாக்கா ஆஸ்பத்திரி ஒன்றில், எண்பதாவது வயதில், காலமானார். மறுநாள் ஷேர்-இ-பங்களா நகரில் ஜியாவின் சமாதிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். கூட்டம் தெருத் தெருவாக நின்றது.

இந்தியாவிலிருந்து ஹஸீனாவின் அனுதாபச் செய்தி வந்தது.