அடியில் போகும் அலை

களக்காட்டில் கடல் கிடையாது. மேற்கே மலை, சுற்றிலும் வாழைத் தோட்டம், இடையிடையே குளங்கள். ஆனாலும் மிதக்கும் அலைத்தடுப்பு என்ற சங்கதியை நான் முதலில் பார்த்தது எங்கள் ஊர்க் குளத்தில்தான். தார் வெட்டியபின் சாய்த்துப்போடும் வாழைமரங்களைத் துண்டு போட்டு, குறுக்கே கம்பு செருகி, தெப்பமாக விடுவோம். ஆனி ஆடிக் காற்றில் குளம் முழுக்கச் சிற்றலை அடிக்கும். தெப்பத்துக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்துக்கு மட்டும் தண்ணீர் எண்ணெய் விட்டது மாதிரி அசையாமல் கிடக்கும். அது ஏன் என்று எங்களில் யாரும் கேட்டதில்லை.

கேட்ட ஆள் ஒருவர் இருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படையில் இருந்த ராபர்ட் லாக்னர், தன் வீட்டுக் குளத்தில் காற்றடைத்த ரப்பர் மெத்தையை மிதக்கவிட்டு, அதன் பின்னால் அலை அடங்குவதைப் பார்த்தார். அதிலிருந்து வந்ததுதான் 'பாம்பர்டன்'. சுமார் 60 மீட்டர் நீளமுள்ள எஃகு மிதவை, குறுக்குவெட்டில் சிலுவை வடிவம், பெரும்பகுதி நீருக்கடியில். 1944 ஜூனில் நார்மண்டிக் கடற்கரையில் நேச நாடுகள் அமைத்த இரண்டு செயற்கைத் துறைமுகங்களுக்கு வெளியே இவற்றை வரிசையாக நங்கூரமிட்டார்கள். முதல் சில நாட்கள் நன்றாகவே வேலை செய்தது. ஜூன் 19 அன்று தொடங்கிய புயல் மூன்று நாள் நின்று அடித்தது. மிதவைகள் அறுத்துக்கொண்டு போயின. அமெரிக்கத் துறைமுகம் சிதைந்து கைவிடப்பட்டது.

தோல்வியின் காரணம் எளிய கணக்கு. ஒருநாள் இரவு ஆபீஸ் வேலையை முடித்துவிட்டு பைத்தானில் பத்து வரி எழுதிப் பார்த்தேன். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் 4 விநாடி இடைவெளி உள்ள அலைக்கு ஆழ்கடலில் நீளம் ஏறக்குறைய 25 மீட்டர். அதன் ஆற்றலில் 100க்கு 92 பங்கு மேல் 5 மீட்டர் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது. 15 விநாடி அலைக்கு நீளம் 350 மீட்டர். அதே 5 மீட்டருக்குள் இருப்பது வெறும் 16 பங்கு. மிச்சமெல்லாம் மிதவைக்கு அடியில் பாட்டுக்குப் போய்விடும். கரையை நெருங்க நெருங்க இந்த நெட்டலை தரைவரைக்கும் பரவி வரும் என்பதால் நிலைமை இன்னும் மோசம். எங்கள் குளத்து அலையின் நீளம் ஒரு முழம் இருக்குமா? அதற்கு வாழைத்தண்டே தாராளம்.

ஆள் வருவதும் அலை வருவது மாதிரிதான். துறைமுக வாயில்களில் சங்கிலியும் மரக்கட்டையும் போட்டு மறிப்பது பழைய வழக்கம். உலகப் போர்களில் அதற்குக் கீழே இரும்பு வலையும் தொங்கவிட்டார்கள். 1941 டிசம்பரில் அலெக்சாண்டிரியா துறைமுகத்தில், தங்கள் கப்பல்கள் உள்ளே வருவதற்காக பிரிட்டிஷார் வலையைத் திறந்தார்கள். அந்த இடைவெளியில் ஆறு இத்தாலியர்கள் நீர்மூழ்கி வாகனங்களில் நுழைந்து, குயின் எலிசபெத், வேலியன்ட் என்ற இரண்டு போர்க்கப்பல்களைத் தரைதட்ட வைத்தார்கள். (துறைமுகம், கம்ப்யூட்டர் இரண்டுக்குமே 'போர்ட்' என்ற பெயர் பொருத்தம்தான். எவ்வளவு பூட்டினாலும் வேலை நடக்க ஒன்றையாவது திறந்தாக வேண்டும்.) 1995 ஏப்ரல் 19 அன்று திருகோணமலையில் சூரயா, ரணசுறு என்ற இரண்டு இலங்கைக் கடற்படைக் கப்பல்களைப் புலிகள் மூழ்கடித்ததும் நீருக்கடியில் வந்துதான். 2000இல் ஏடனில் 'கோல்' என்ற அமெரிக்கக் கப்பலை வெடிமருந்துப் படகு தாக்கி 17 மாலுமிகள் இறந்தபிறகு, அமெரிக்கக் கடற்படைத் தளங்களைச் சுற்றி வலை கட்டிய மிதவை வேலிகள் வந்தன. அவை படகை நிறுத்தும். நீந்தி வருபவனுக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

சரி, அடிவரைக்கும் மறித்துவிட்டால்? அதற்கு நம்மிடம் ஒன்றரை நூற்றாண்டுப் பாடம் இருக்கிறது, சென்னையில்.

அங்கே இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுதான் ஆளையும் சரக்கையும் கரை சேர்க்கும். ஆணி அடிக்காததால் அது அலையின் அடிக்கு வளைந்துகொடுக்கும். 1861இல் இரும்புத் தூண்கள்மேல் கடலுக்குள் நீளும் ஒரு மேடை கட்டினார்கள். தூண்களுக்கு நடுவே அலையும் மணலும் தாராளமாகப் போய்வந்தன, ஆனால் கப்பலுக்கு ஒதுங்க இடமில்லை. 1876இல் வில்லியம் பார்க்ஸ் திட்டப்படி இரண்டு கைகளை நீட்டி அணைப்பது மாதிரி அலைத்தடுப்புச் சுவர்கள் எழத் தொடங்கின. முடியும் தறுவாயில், 1881 நவம்பர் புயல் அவற்றைப் பெரும் அளவில் உடைத்துப் போட்டது. திரும்பக் கட்டினார்கள்.

புயலைவிட மணல்தான் பெரிய வில்லன். அந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்காக ஓயாமல் நகர்கிறது. சுவர் அதை மறித்தது. தெற்கே சேர்ந்த மணல் இன்றைய மெரினாவாக அகன்றது. கிழக்கு பார்த்த துறைமுக வாயில் தூர்ந்துகொண்டே வர, பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அதை அடைத்து வடகிழக்கே புது வாயில் திறக்க வேண்டியதாயிற்று. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் வரவேண்டிய மணல் வரவில்லை. கடல் தெருத்தெருவாகத் தின்றது. மெரினாவில் சுண்டல் தின்கிற ஒவ்வொருவரும் திருவொற்றியூர்க்காரர் நிலத்தில்தான் கொஞ்சம் உட்கார்ந்திருக்கிறோம் என்பது என் எண்ணம். தூத்துக்குடியில் 1974இல் திறந்த புதிய துறைமுகத்துக்கும் கல்லைக் கொட்டி ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு சுவர்கள் கட்டினார்கள். அப்போது வேறு வழியும் இல்லை.

மிதவையை ஆழமாகக் கட்டலாமே என்றால், கட்டியிருக்கிறார்கள். மொனாக்கோ 2002இல் நிறுவிய கான்கிரீட் தடுப்பு 352 மீட்டர் நீளம், ஒரு லட்சத்து அறுபதாயிரம் டன்னுக்கு மேல். ஸ்பெயினில் செய்து கடல்வழியே இழுத்து வந்தார்கள். கோடீஸ்வரர்களின் உல்லாசப் படகுகள் நிற்கிற துறைமுகத்துக்கு அது கட்டுப்படியாகும்.

நம் பக்கம் எப்படி? கல்லூரித் தோழன் ஒருவனுக்கு ராதாபுரம் தாண்டி ஒரு கடற்கரைக் கிராமம். களக்காட்டிலிருந்து ஏர்வாடி, வள்ளியூர் வழியாகப் போய்விடலாம். பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் பல வருடமாக ஒரே கோரிக்கை, தூண்டில் வளைவு. கடலுக்குள் கொக்கி மாதிரி நீளும் கல் சுவருக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். போன வருடம் போயிருந்தபோது அவன் அப்பாவிடம் மிதவைத் தடுப்பைப் பற்றி ஆர்வமாகச் சொன்னேன். மணலை மறிக்காது, வேண்டாமென்றால் கழற்றி எடுத்துப் போகலாம் என்றெல்லாம். அவர் வலைக் கண்ணிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கள்ளக்கடல் ஏறுனா நிக்குமா தம்பி?"

காற்றே இல்லாத நாளில் திடீரென்று கடல் ஏறிக் கரைக்குள் வருவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, அண்டார்டிகாவை ஒட்டிய பெருங்கடலில் புயலடித்துக் கிளம்பும் நெட்டலை அது. ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் இப்போது முன்கூட்டியே எச்சரிக்கிறது. பதினைந்து விநாடியும் அதற்கு மேலும் இடைவெளி உள்ள அலை. என் பத்து வரி நிரலின் இரண்டாவது விடை.

"நிக்காதுப்பா" என்றேன்.

"கல்லு போட்டா எங்க மணலு நிக்கும். பக்கத்து ஊர்ல போயிரும். அப்புறம் அவனும் கல்லு கேப்பான். கேக்கட்டும், என்ன செய்ய. எங்களுக்கு வள்ளம் நிறுத்த இடம் வேணும்லா."

திரும்பி வரும்போது வள்ளியூருக்கு முன்னால் எதிரே லாரிகள் வந்துகொண்டிருந்தன. தார்ப்பாய் போடாமல், ஆளுயரப் பாறைகள், லாரிக்கு நாலோ ஐந்தோ. எல்லாம் கடலைப் பார்த்துப் போகின்றன. எந்த மலையில் உடைத்தது என்று டீக்கடையில் கேட்டேன். கடைக்காரர் மேற்கே, நான் போகவேண்டிய திசையில், கையைக் காட்டினார்.