வேலிக்குள் வளர்ந்த பசுமை: போபோடி, முளா ஆறு, பொதுநிலம்

தமிழ்நாட்டு நாற்றுப்பண்ணைகளில் 'லக்னோ-49' என்ற கொய்யா ரகத்தைக் கேட்காதவர் குறைவு. பெயரை வைத்து அதை லக்னோவில் உருவான ரகம் என்று கருதுவோர் பலர். விதை மட்டுமே அங்கிருந்து வந்தது. 1927இல் ஜி. எஸ். சீமா என்ற தோட்டக்கலை அறிஞர், அலகாபாத் சஃபேதா வகையின் நாற்றுகளிலிருந்து இதைத் தேர்ந்தெடுத்த இடம் புனே நகரின் கணேஷ்கிண்ட் பழ ஆராய்ச்சித் தோட்டம். பின்னாளில் 'சர்தார்' என்றும் பெயர் பெற்ற இந்த ரகம் நாடெங்கும் பரவியது. பிறந்த தோட்டம், புனேயின் வடமேற்கில் போபோடியிலிருந்து ஔந்த் செல்லும் பகுதியில் இன்றும் இருக்கிறது.

நகர்ப்புறச் சமுதாயத் தோட்டங்கள், சூழல் இயக்கங்கள் ஆகியவற்றின் வரலாற்றைப் படிக்கும் மாணவர்களுக்கு இத்தோட்டமும் இதனருகே ஓடும் முளா ஆறும் ஒரு கேள்வியை எழுப்புகின்றன. ஒரு நகரத்தில் பசுமை எஞ்சியிருப்பதும், அப்பசுமை பொதுவாக இருப்பதும் ஒன்றுதானா? இரண்டும் வெவ்வேறு வரலாறுகள் என்பதும், அவற்றை ஒன்றெனக் கொள்ளும்போது சூழல் இயக்கம் தன் வலிமையில் ஒரு பாதியை இழக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் பசுமை எஞ்சிய விதம். 1817 நவம்பர் 5 அன்று கட்கியில் நடந்த போரில் பேஷ்வாவின் படை கிழக்கிந்தியக் கம்பெனியிடம் தோற்றது. அதன்பின் கட்கி கண்டோன்மென்ட் ஆயிற்று. 1869இல் வெடிமருந்துத் தொழிற்சாலை வந்தது. அதே காலத்தில் கணேஷ்கிண்டில் பம்பாய் ஆளுநரின் மழைக்கால மாளிகை எழுந்தது. 1864இல் தொடங்கிய கட்டுமானம் 1871இல் நிறைவுற்றது. 1873இல் தாவரவியல் தோட்டம் உருவானது. படை, ஆட்சி, ஆய்வு ஆகிய மூன்றும் அடுத்தடுத்து நிலத்தை வளைத்துக்கொண்டன. அவற்றின் ஓரத்தில், கட்கிக்கும் முளா ஆற்றுக்கும் நடுவே, உழைக்கும் மக்களின் குடியிருப்பாகப் போபோடி நெருங்கி வளர்ந்தது. ஆளுநர் மாளிகை 1949இல் பல்கலைக்கழகமாயிற்று. தோட்டம் வேளாண் ஆராய்ச்சி நிலையமாகத் தொடர்ந்தது.

இந்த நிலங்களில் மரங்கள் பிழைத்தமைக்குக் காரணம், மனிதர் நுழைவு தடுக்கப்பட்டதே. வேலி இல்லாத நிலங்கள் நகரம் வளர வளரக் கட்டடங்களாயின. வேலியிட்டவை பச்சையாக நின்றன. புனேயின் வரைபடத்தில் இன்று அடர்பச்சையாகத் தெரியும் பகுதிகளில் கணிசமானவை கண்டோன்மென்ட் நிலம், பல்கலைக்கழக வளாகம், வேளாண் கல்லூரிப் பண்ணை ஆகியவை. இவற்றின் பயன் மறுக்க முடியாதது. லக்னோ-49 அதற்கு நல்ல சான்று. ஆயினும் அப்பயன் அறிவாகவும் நாற்றாகவும் வேலியைத் தாண்டிச் சென்றதே தவிர, அண்டை வீட்டாரின் உரிமையாக ஒருபோதும் நிலைபெறவில்லை. தோட்டம் அரசுடையது, அக்கம்பக்கம் அதற்குப் பார்வையாளர் மட்டுமே.

இனி ஆறு. சீமா கொய்யா நாற்றுகளைத் தேர்ந்தெடுத்த அதே 1927இல் முளாவின் மேற்பகுதியில் முள்ஷி அணை கட்டி முடிக்கப்பட்டது. டாட்டா மின்நிறுவனத்தின் அந்த அணைக்காக, 1894ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின்கீழ் மாவளர் உழவர்களின் நெல்வயல்கள் எடுக்கப்பட்டன. 1921 ஏப்ரலில் முள்ஷி சத்தியாகிரகம் தொடங்கியது. தலைமை தாங்கியவர் பாண்டுரங்க மகாதேவ் பாபட். 'சேனாபதி' என்ற பட்டம் அவருக்கு இப்போராட்டத்தால்தான் வந்தது. உழவர்களும் பெண்களும் கட்டுமான இடத்தில் அமர்ந்து வேலையை நிறுத்தினர், சிறை சென்றனர். 1924 வாக்கில் போராட்டம் ஓய்ந்தது.

ராஜேந்திர வோரா இப்போராட்டத்தை உலகின் முதல் அணை எதிர்ப்பு இயக்கம் என்று குறிப்பிட்டு 2009இல் விரிவான நூல் எழுதினார். அவ்வாய்வு வெளிக்கொணர்ந்த ஒரு செய்தி நமக்கு முக்கியம். முள்ஷியின் நிலத்தில் ஒரு பகுதி புனே நகரத்து வட்டிக்கடைக்காரர்களின், நிலவுடைமையாளர்களின் கையில் இருந்தது. அவர்களுக்கு நிலம் ஒரு சொத்து; சொத்துக்கு நல்ல விலை கிடைத்தால் போதும். உழுதவர்களுக்கோ நிலம் வாழ்க்கை. இழப்பீடு பேசலாம் என்று ஒரு சாராரும், நிலத்தை விடமாட்டோம் என்று மறுசாராரும் நின்றபோது இயக்கத்தின் உடல் பிளந்தது. எதிரியின் வலிமையோடு இந்த உட்பிளவும் தோல்விக்குக் காரணம்.

அணையின் விளைவைப் போபோடி நேரடியாகச் சுமக்கிறது. முளா இயல்பாகக் கிழக்கே ஓடி, முட்டாவோடு சேர்ந்து, பீமா, கிருஷ்ணா வழியே வங்கக்கடலை அடையும் ஆறு. முள்ஷியில் தேக்கப்படும் நீரோ சஹ்யாத்ரியின் மேற்குச் சரிவில் பீரா மின்நிலையத்துக்கு இறக்கப்பட்டு, குண்டலிகா ஆற்றின் வழியே அரபிக்கடலுக்குப் போகிறது. ஆக, போபோடியின் கரையைத் தொடும் ஆறு நூறாண்டுகளாகத் தன் மேல்நீரின் பெரும்பகுதியை இழந்த ஆறு. கோடையில் அதில் ஓடுவது பெரும்பாலும் நகரத்தின் கழிவுநீர். பெருமழையில் அணைகள் திறக்கப்படும்போது அதே ஆறு வீட்டுக்குள் நுழைகிறது. 2019 ஆகஸ்ட் வெள்ளத்தில் முளா, பவனா கரைகளின் தாழ்ந்த குடியிருப்புகளிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டனர்.

விடுதலைக்குப் பிந்தைய சட்டங்கள் இந்நிலையை எவ்வாறு எதிர்கொண்டன? மகாராஷ்டிரத்தின் நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டம் 1975இல் வந்தது. மரம் வெட்ட மர ஆணையத்தின் அனுமதி வேண்டும் என்றது. 2021இல் செய்யப்பட்ட திருத்தம், ஐம்பது ஆண்டுகளைக் கடந்த மரங்களை மரபு மரங்களாக ஏற்றது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், 37ஆம் பிரிவின்கீழ், பல்லுயிர் மரபிடங்களை அறிவிக்க மாநில அரசுகளுக்கு அதிகாரம் தந்தது. அதன்படி 2020இல் கணேஷ்கிண்ட் தோட்டத்தின் 33.01 ஹெக்டேர் பரப்பு பல்லுயிர் மரபிடமாக அறிவிக்கப்பட்டது. நகரின் நடுவே இத்தகைய அறிவிப்பு கிடைப்பது அரிது. புனேயின் சூழல் ஆர்வலர்களுக்கு அது நியாயமான பெருமை.

இச்சட்டங்கள் எதைக் காண்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். மரத்தின் வயதை, இனத்தின் அருமையை, பரப்பின் அளவைக் காண்கின்றன. அந்நிலத்தை யார் எதற்குப் பயன்படுத்துகிறார் என்பதைக் காண்பதில்லை. 37ஆம் பிரிவில் மக்கள் இடம்பெறுவது ஓரிடத்தில்: அறிவிப்பினால் பொருளாதாரப் பாதிப்பு அடைவோருக்கு இழப்பீடோ மறுவாழ்வோ வழங்கத் திட்டம் வகுக்கப்பட வேண்டும் என்பதில். நிலத்தைப் பேணுபவராக அவர்கள் அங்கே வருவதில்லை. முள்ஷியில் கேட்ட இழப்பீட்டுப் பேச்சு இங்கு வேறு உருவில் தொடர்கிறது.

அண்மைக் காலப் போராட்டங்களையும் இந்தப் பின்னணியில் பார்க்கலாம். முளா, முட்டா, முளா-முட்டா ஆகியவற்றின் கரைகளில் சுமார் 44 கிலோமீட்டர் தொலைவுக்குப் புனே மாநகராட்சி வகுத்த ஆற்றங்கரை மேம்பாட்டுத் திட்டத்துக்கு 2022 மார்ச் 6 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். கரைகளை உயர்த்தி, நடைபாதையும் பூங்காவும் அமைப்பது திட்டம். ஆறு குறுகும், வெள்ள மட்டம் உயரும், கரைக்காடு அழியும் என்று சூழல் ஆர்வலர்கள் எதிர்த்தனர். வெள்ள அபாயம் குறையும் என்றது மாநகராட்சி. 2023 ஏப்ரல் இறுதியில் மரவெட்டை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் புனே வீதிகளில் அணிவகுத்தனர். 2025இல் போபோடிக்கு மேற்கே, ராம் நதி முளாவில் கலக்கும் பாணேர் பகுதியிலும் எதிர்ப்பு எழுந்தது. இப்போராட்டங்கள் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர் 'சிப்கோ'.

அந்தப் பெயரின் வரலாற்றை நினைவுகூர்வது தகும். 1973இல் கர்வால் மலைப்பகுதியின் மண்டல் கிராமத்தில் சிப்கோ தொடங்கியபோது, முதற்கேள்வி மரம் வாழ வேண்டுமா என்பதாக இருக்கவில்லை. உழவுக் கருவி செய்யச் சாம்பல் மரம் கேட்ட உள்ளூர்க் கூட்டுறவு அமைப்புக்கு வனத்துறை மறுத்தது. அதே மரங்களை அலகாபாத்தின் விளையாட்டுப் பொருள் நிறுவனம் ஒன்றுக்கு ஒதுக்கியது. காடு யாருடைய பயனுக்கு என்பதே அங்கு எழுந்த வினா. ராமச்சந்திர குஹா 1989இல் வெளியிட்ட தம் ஆய்வில் சிப்கோவை உழவர் எழுச்சிகளின் நீண்ட மரபில் வைத்ததற்குக் காரணம் இதுதான். ஐம்பதாண்டு கழித்துப் பெயர் புனேக்கு வந்து சேர்ந்தபோது, மரத்தைத் தழுவும் கை வந்தது. மரத்தின்மீதான பயனுரிமை பின்தங்கிவிட்டது.

இதைக் கொண்டு புனேயின் இயக்கத்தை நடுத்தர வர்க்கத்தின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது எளிது. அமிதா பவிஸ்கர் தில்லியை முன்வைத்து உருவாக்கிய 'பூர்ஷ்வா சூழலியம்' என்ற கருத்தை எங்கும் பொருத்திவிடும் பழக்கம் நம் வகுப்பறைகளில் உண்டு. இங்கு அது முழுதாகப் பொருந்தாது. ஆற்றின் குறுக்குவெட்டு குறைந்தால் முதலில் நீர் புகுவது உயரமான அடுக்ககங்களில் அன்று, போபோடி போன்ற தாழ்ந்த கரைகளில். எனவே எதிர்ப்பாளர்கள் எழுப்பும் நீரியல் கேள்வி கரைவாழ் ஏழைகளின் கேள்வியும் ஆகும். குறை, அக்கேள்வியை எழுப்பும் மேடையில் கரைவாழ் மக்கள் தம் உரிமையின் மொழியில் பேச இடமில்லாமையே.

அந்த மொழி தமிழருக்கு அந்நியமன்று. 'புறம்போக்கு' என்ற சொல் வருவாய்ப் பதிவேட்டில் வரிக்குப் புறம்பான நிலத்தைக் குறித்தது. மேய்ச்சல், நீர்நிலை, களம், இடுகாடு என ஊரின் பொதுப்பயன்கள் அதில் அடங்கின. யாருக்கும் உரியதன்று என்பது மெல்ல மெல்ல யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. சொல்லே வசைச்சொல் ஆயிற்று. 2017இல் டி. எம். கிருஷ்ணா பாடி வெளியான எண்ணூர்ப் பாடல் அச்சொல்லை மீட்க முயன்றது. மராட்டியத்தில் இதற்கு இணையாகக் 'காய்ரான்' என்ற மேய்ச்சல் நிலம் உண்டு. நகரம் விரிந்தபோது அதன் கதியும் இதுவே.

சமுதாயத் தோட்டம் என்ற நிறுவனம் இந்த இடைவெளியை நிரப்ப முயல்வது. நியூயார்க்கில் லிஸ் கிறிஸ்டி 1973இல் கைவிடப்பட்ட மனையொன்றில் அண்டை வீட்டாரோடு தோட்டம் தொடங்கினார். நூற்றுக்கணக்கான தோட்டங்கள் தொடர்ந்தன. 1999இல் நகராட்சி அவற்றில் நூற்றுக்கு மேற்பட்டவற்றை ஏலம்விட முனைந்தது. கால் நூற்றாண்டு உழைத்தவர்களிடம் மண் இருந்தது, பத்திரம் இல்லை. இரண்டு அறக்கட்டளைகள் 114 தோட்டங்களை விலைகொடுத்து வாங்கியதால்தான் அவை பிழைத்தன. கணேஷ்கிண்டில் பத்திரமும் வேலியும் இருந்தன, அண்டையார் இல்லை. நியூயார்க்கில் அண்டையார் இருந்தனர், பத்திரம் இல்லை. இரண்டையும் இணைப்பதே இனி எஞ்சியுள்ள பணி.

அப்பணி அவசரமானது. 2023 ஆகஸ்ட் முதல் போபோடியில் மெட்ரோ நிற்கிறது. நிலத்தின் மதிப்பு கூடுகிறது. 2025 நவம்பரில், போபோடியில் வேளாண் துறைக்குரிய நிலம் குறித்த முறைகேட்டுப் புகாரின்பேரில் காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. வழக்கின் முடிவு எதுவாயினும், அரசுப் பெயரில் இருக்கும் நிலம் தானாகவே பொதுநிலமாகக் காக்கப்படும் என்ற நம்பிக்கைக்கு அது ஓர் எச்சரிக்கை. ஒரு நிலத்தைப் பயன்படுத்தி அறிந்த அக்கம்பக்கம் இருந்தால்தான், கோப்பில் அது கைமாறும்போது கேட்க ஆள் இருக்கும்.

சட்டத்துக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது. பல்லுயிர்ச் சட்டத்தின் 41ஆம் பிரிவு உள்ளாட்சிதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. 2004ஆம் ஆண்டின் விதிகள் அக்குழுவுக்கு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்கும் கடமையைத் தருகின்றன. இக்கருத்தை வளர்த்தவர்களில் முதன்மையானவர் புனேயைச் சேர்ந்த மாதவ் காட்கில். இனங்களின் பெயர்ப்பட்டியலோடு நின்றுவிடாமல், வார்டு அளவில், ஆற்றங்கரையில் கீரை பறிப்பவர் யார், புளியும் நாவலும் பொறுக்குபவர் யார், ஆடு மேய்ப்பவர் யார், வெள்ளம் எந்த ஆண்டு எந்தத் திண்ணைவரை வந்தது என்பதையெல்லாம் அதில் எழுதலாம். பயன்பாடு பதிவானால் அது உரிமைக்கான முதற்சான்று ஆகும்.

வரலாறு, சமூகவியல் துறைகளின் மாணவர்கள் செய்யக்கூடிய வேலை இது. முள்ஷியில் உழவரும் நகரத்தாரும் பிரிந்து நின்றதால் இழந்தது ஓர் ஆற்றின் மேற்பாதி. கீழ்ப்பாதியின் கரையில் இன்று மரத்தைக் காக்க வருபவரும், வெள்ளத்தில் வீட்டுப் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு ஓடுபவரும் ஒரே பதிவேட்டில் பெயரெழுதுவார்களா என்பது இன்னும் முடிவாகவில்லை.