சிரிப்புக்கு ஒரு கோட்டை

கல்விக்கும் கேலிக்கும் வெகுதூரம் என்று கருதுவோர் உளர். பாடம் கேட்கும் இடத்திலே பரிகாசத்துக்கு என்ன வேலை என்பது அவர்தம் வினா. அவ்வினாவுக்கு விடையாக அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் ஓர் ஏடு உண்டு. 'லம்பூன்' என்பது அதன் பெயர். தமிழிலே வசை என வழங்குவதே ஏறத்தாழ அச்சொல்லின் பொருளுமாகும்.

1876ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் மாணவர் எழுவர் கூடி இந்த நகைச்சுவை ஏட்டைத் தொடங்கினர். லண்டனில் 1841 முதல் வெளிவந்துகொண்டிருந்த 'பஞ்ச்' என்னும் இதழே அவர்களுக்கு முன்மாதிரியாயிற்று. 1880களில், பிற்காலத்தில் தத்துவஞானியெனப் புகழ்பெற்ற ஜோர்ஜ் சந்தாயனா இதற்குக் கேலிச்சித்திரம் வரைந்தார். பின்னாளில் பத்திரிகை உலகையே ஆண்ட வில்லியம் ரண்டொல்ப் ஹேர்ஸ்ட் இதன் வரவு செலவைக் கவனித்தார்.

தொடக்ககால உறுப்பினருள் ஒருவரான கட்டடக் கலைஞர் எட்மண்ட் வீல்ரைட், 1909இல் இவ்வேட்டுக்கென ஒரு சிறு கோட்டையையே அமைத்துக் கொடுத்தார். அதன் முகப்பு, தலைக்கவசம் அணிந்த மனித முகம் போலத் தோன்றும். உச்சியிலே அரிவாள் மூக்கன் பறவையின் செப்புருவம் ஒன்று நிற்கும்.

எழுத்தோடு மட்டும் இவர்தம் குறும்பு நிற்கவில்லை. மசாசூசெற்ஸ் மாநிலச் சட்டசபையில், மீன்பிடித் தொழிலின் பெருமைக்கு அடையாளமாக மரத்தாற் செய்த கொட் மீன் ஒன்று தொங்குகிறது. 1933 ஏப்ரலில் அது திடீரென மறைந்தது. லம்பூன் மாணவர் கைவரிசையே அது. ஊரே தேடிய பின், சில தினங்களில் மீன் திரும்பி வந்தது.

பிறரை நகைத்தவருக்கும் ஒரு நாள் வந்தது. அதே பல்கலைக்கழகத்தின் மாணவர் செய்தித்தாளான 'கிரிம்சன்' நெடுங்காலப் போட்டியாளர். அதனைச் சேர்ந்தோர் 1953இல் கோட்டையுச்சியிலிருந்த பறவையைக் கவர்ந்து, மொஸ்கோப் பல்கலைக்கழகத்துக்கு அமெரிக்க மாணவரின் அன்பளிப்பு எனக் கூறி, சோவியத் பிரதிநிதிகளிடம் ஒப்படைத்துவிட்டனர்! கேலி செய்தோர், தம் பறவையைத் திருப்பித் தருமாறு ஒரு வல்லரசிடம் இரந்து நிற்க நேர்ந்தது.

பிற இதழ்களின் நடையை அப்படியே போலச்செய்து நகைப்பதில் இம்மாணவர் வல்லவர். ஒருவரின் நடையை நுணுகிக் கற்றவனே அதனைப் பிசகின்றிப் பகடி செய்ய இயலும். ஆகவே இக்கேலியும் ஒருவகைக் கல்விப் பயிற்சியாயிற்று. நாவலாசிரியர் ஜோன் அப்டைக் மாணவராயிருந்தபோது இதன் தலைவராக விளங்கியவர். 1970இல் பழைய உறுப்பினர் சிலர் தொடங்கிய 'நஷனல் லம்பூன்' நாடெங்கும் பரவி, 1998 வரை வெளிவந்தது.

எனினும் இக்கோட்டைக்கும் ஒரு குறை இருந்தது. உலகத்தையெல்லாம் எள்ளி நகைத்த இவ்வேடு, ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பெண்களைத் தன் உறுப்பினராக ஏற்கவில்லை. 1970களிலேதான் அக்கதவு திறந்தது. அடுத்த பத்தாண்டின் தொடக்கத்தில் லீசா ஹென்சன் முதற் பெண் தலைவரானார். பிறர் குறையை அத்துணை கூர்மையாகக் கண்ட கண்கள், தம் வீட்டு வாயிலின் குறையைக் காண நூறாண்டு சென்றது.