பெயரற்ற நோயுடன் பதினோரு ஆண்டுகள்: கவிஞர் நஸ்ருலின் காத்திருப்பு

1942ஆம் ஆண்டு ஜூலை மாதம். கொல்கத்தா கார்ஸ்டின் பிளேஸில் அந்நாளில் இயங்கிய வானொலி நிலையம். சிறுவர் நிகழ்ச்சியில் பேசத் தொடங்கிய கவிஞருக்கு நாக்குத் தடுமாறிற்று, சொற்கள் வரவில்லை. நிகழ்ச்சியைத் தொடர இயலாமல் அவரை வீட்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டியதாயிற்று. அப்போது அவருக்கு வயது 43.

அவர் காஜி நஸ்ருல் இஸ்லாம். 1899 மே 24 அன்று பர்த்வான் மாவட்டத்துச் சுருலியா என்னும் சிற்றூரில் பிறந்தவர். 1922இல் வெளிவந்த ‘பித்ரோஹி’ கவிதையால் வங்கமெங்கும் கலகக் கவி என அறியப்பட்டவர். அதே ஆண்டில் தமது ‘தூமகேது’ இதழில் எழுதிய கவிதைக்காக ஆங்கில அரசால் கைது செய்யப்பட்டுச் சிறை சென்றவர். பின்னர் இசைத்தட்டுகளுக்கும் வானொலிக்குமாகப் பாடல்களை ஆயிரக்கணக்கில் எழுதி இசையமைத்தவர். அத்தகைய ஒருவரிடமிருந்து நோய் முதலில் பறித்தது பேச்சை.

அந்த வீட்டில் முன்பே ஒரு நோய் குடியிருந்தது. கவிஞரின் மனைவி பிரமிளா தேவி சில ஆண்டுகளுக்கு முன் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து படுக்கையில் இருந்தார். அவருக்காக நஸ்ருல் நாடாத மருத்துவம் இல்லை. நூல்களின் உரிமையையும் இசைத்தட்டு வருவாயையும் அடகு வைத்துச் செலவிட்டும் அவர் கால்கள் மீளவில்லை. மனைவியைக் காத்துவந்த கணவரும் நோயுற்றபோது, படுக்கையில் இருந்தபடியே பிரமிளா கணவரைப் பேணத் தொடங்கினார்.

தொடக்கத்தில் ஓமியோபதி மருத்துவம் நடந்தது. காற்று மாற்றத்துக்காகக் குடும்பம் மதுப்பூர் சென்று திரும்பியது. நோய் தணியவில்லை. அவ்வாண்டு இறுதியில் கொல்கத்தாவின் லும்பினி பார்க் மனநல மருத்துவமனையில் அவர் சேர்க்கப்பட்டார். ஃபிராய்டுடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்த கிரீந்திரசேகர் போஸின் தலைமையில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் 1940இல் நிறுவிய மருத்துவமனை அது. நாட்டின் அறிவார்ந்த மனமருத்துவ நிலையங்களுள் ஒன்றான அங்கே ஏறத்தாழ நான்கு மாதங்கள் இருந்தும் பயன் கிட்டவில்லை.

அதன் பின்னர் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் முறையான ஆய்வு எதுவும் இல்லை. 1943இன் பஞ்சம், 1946இன் கலவரம், 1947இன் பிரிவினை என வங்கம் அடுத்தடுத்துச் சிதைந்த காலம் அது. தன் நோயாளியை நினைக்க நாட்டுக்கு நேரமில்லை. மருத்துவம் விட்ட இடைவெளியை ஊர்ப்பேச்சு நிரப்பியது. மகன் புல்புல் 1930இல் அம்மையால் இறந்த துயரம் என்றனர் சிலர். கடன் சுமை என்றனர் சிலர். யோகப் பயிற்சியில் தவறு நேர்ந்தது என்றனர் வேறு சிலர். ஒவ்வொரு விளக்கமும் நோயின் பொறுப்பை நோயாளியின் வாழ்வின்மீதே ஏற்றியது. காரணம் தெரியாத நோய்க்கு உலகம் எப்போதும் செய்வது இதுவே.

1952இல் காஜி அப்துல் வதூத் உள்ளிட்ட எழுத்தாளர்களும் அன்பர்களும் சேர்ந்து கவிஞரின் மருத்துவத்துக்கென ஒரு குழு அமைத்தனர். அக்குழு அவரை முதலில் ராஞ்சி மனநல மருத்துவமனைக்கு அனுப்பியது. நான்கு மாதங்கள் கழிந்தும் முன்னேற்றம் இல்லை. 1953 மே மாதத்தில் நஸ்ருலும் பிரமிளாவும் இலண்டனுக்கு அனுப்பப்பட்டனர்.

இலண்டனில் நரம்பியல் அறிஞர் ரஸ்ஸல் பிரெய்ன், மனநல மருத்துவர் வில்லியம் சார்ஜண்ட், நரம்பு அறுவை வல்லுநர் வைலி மக்கிசாக் ஆகியோர் அவரைச் சோதித்தனர். மூளையைப் படமெடுக்கும் இன்றைய ஸ்கேன் கருவிகள் அன்று இல்லை. மூளையைச் சூழ்ந்த நீரை வடித்துக் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் வேதனை மிக்க முறையே இருந்தது. அந்தப் படத்தில் மூளையின் முன்மடல் சுருங்கியிருப்பது தெரிந்தது. ஆயினும் அதன் பொருள் குறித்து மருத்துவர்கள் ஒத்துப்போகவில்லை. மக்கிசாக், முன்மடலின் நரம்பிழைகளைத் துண்டிக்கும் லூக்கோட்டமி அறுவையைப் பரிந்துரைத்தார். பிரெய்ன் அதை எதிர்த்தார். ஆய்வறிக்கைகள் ஐரோப்பாவின் பிற மருத்துவர்களுக்கு அனுப்பப்பட்டன. அவர்களும் அறுவை தீங்காகும் எனக் கருதி, மூளையின் இரத்தக் குழாய்களைப் படமெடுக்குமாறு கூறினர்.

இங்கே மருத்துவ வரலாற்றின் விந்தையான முரண் ஒன்று உண்டு. மூளையின் இரத்தக் குழாய்களில் சாயம் செலுத்திப் படமெடுக்கும் முறையை 1927இல் கண்டவர் போர்த்துகல் நாட்டு மருத்துவர் எகாஸ் மோனிஸ். லூக்கோட்டமியை 1935இல் தொடங்கிவைத்து, அதற்காக 1949இல் நோபல் பரிசு பெற்றவரும் அவரே. நஸ்ருலுக்கு ஆபத்தாக வந்த அறுவையும், அதைத் தவிர்க்கத் துணைநின்ற சோதனையும் ஒரே மனிதரின் கண்டுபிடிப்புகள்.

அச்சோதனை வியன்னாவில் நடந்தது. 1953 டிசம்பர் 9 அன்று பேராசிரியர் ஹான்ஸ் ஹாஃப் கவிஞரைச் சோதித்தார். அங்குப் பயின்றுகொண்டிருந்த வங்க மருத்துவர் அசோக் பாக்சி இம்முயற்சிக்குத் துணைநின்றார். ஹாஃப் நோய்க்கு ஒரு பெயர் சொன்னார்: பிக் நோய். பிராக் நகரத்து மருத்துவர் ஆர்னால்ட் பிக் 1892இல் முதன்முதலில் விவரித்த நோய் அது. மூளையின் முன்மடலும் பக்கமடலும் மெல்லச் சுருங்கும். நடுவயதிலேயே பேச்சும் நடத்தையும் மாறும். துயரமோ கடனோ யோகமோ அதற்குக் காரணமாகச் சொல்லப்படவில்லை. மருந்தும் இல்லை. அம்மாதமே கவிஞர் கொல்கத்தா திரும்பினார்.

குணமாக்காத பெயரால் என்ன பயன் என்று கேட்கலாம். நோயை அறிந்து, அதன் முதலை அறிந்து, தணிக்கும் வழியை அறிந்து செயல்படச் சொன்னவர் வள்ளுவர். அவற்றுள் முதற்படியை எட்டவே நஸ்ருலுக்குப் பதினோரு ஆண்டுகள் ஆயின. மற்ற இரண்டும் இன்றுவரை மருத்துவத்துக்கு முழுமையாகக் கைகூடவில்லை. ஆயினும் அந்த முதற்படியே ஓர் அறுவைக் கத்தியிலிருந்து அவரைக் காத்தது. கவிஞர் தம் நோயைத் தாமே வரவழைத்துக்கொண்டார் என்னும் பழிக்கும் அது விடையளித்தது. எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்பதைப் பிரமிளாவுக்கு உணர்த்தியது.

பிரமிளா 1962இல் மறைந்தார். உலகின் முதல் சி.டி. ஸ்கேன் 1971 அக்டோபரில், மக்கிசாக் பணியாற்றிய அதே அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் எடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நஸ்ருலைப் புதிய வங்கதேசம் டாக்காவுக்கு அழைத்துக்கொண்டது. 1976 ஆகஸ்ட் 29 அன்று அங்கேயே அவர் காலமானார். பிக் நோயுடன் 34 ஆண்டுகள் வாழ்வது அரிது. மூளைத் திசுவை நுண்ணோக்கியில் காணாமல் அந்நோயை உறுதிசெய்வதும் கடினம். எனவே வியன்னா தந்த பெயரும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று.

ஆனால் அந்தப் பெயர் வரும்வரை அவரைப் பித்தர் என்றே பலர் எண்ணினர். அது வந்த பின்பே அவர் நோயாளி ஆனார். நரம்பு நோய்க்கு விடை தேடி மருத்துவமனை வாசல்களில் இன்றும் காத்திருப்போர் முதலில் வேண்டுவது அந்த மாற்றத்தைத்தான்.