ஆன்டிஜென் மீட்பு

‘ஆன்டிஜென்’ என்பது 1899-இல் ஹங்கேரிய மருத்துவர் லாஸ்லோ டெட்ரே புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். எதிர்ப்பொருளைப் பிறப்பிப்பது என்று பொருள். ‘ஜென்’ என்னும் கிரேக்க வேர் பிறப்பைக் குறிக்கும். அதோடு ‘மீட்பு’ ஒட்டிக்கொண்டது மிகப் பிந்தி.

அறுத்தெடுத்த திசு கெடாமலிருக்க ஃபார்மலினில் போடுகிறார்கள். ஃபார்மலின் புரதங்களுக்கிடையே பாலம் போட்டுப் பிணைத்துவிடும். சாயமேற்ற வரும் எதிர்ப்பொருளுக்குப் பற்றுமிடம் தெரியாது. புரதம் தொலையவில்லை, மறைந்திருக்கிறது. ஆகவே இங்கே மீட்பு என்றால் மறைப்பை அவிழ்ப்பது.

கடும் வெப்பம் அந்தப் பிணைப்பை அவிழ்க்கும் என்பது 1940-களிலேயே வேதியியலாளர்களுக்குத் தெரியும். 1991-இல்தான் ஷி, கீ, கல்ரா மூவரும் திசுச் சில்லுகளை மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கிக் காட்டினார்கள். எவ்வளவு எளிய வழி! உயிரணுப் பெருக்கத்தைக் காட்டும் கேஐ-67 புரதத்தை அதுவரை உறைய வைத்த திசுவில்தான் பார்க்க முடிந்தது. பிறகு ஃபார்மலினில் போட்டு பாரஃபின் மெழுகில் பதித்துவைத்த பழைய திசுக் கட்டிகளிலும் பார்க்கலாம் என்றாயிற்று.

இன்று பிரஷர் குக்கரும் உண்டு, தானியங்கிக் கருவியும் உண்டு. திசுவைச் சூடாக்குவது பிஎச் 6 சிட்ரேட் கரைசலிலா, பிஎச் 9 ஈடிடிஏ கரைசலிலா என்பதை ஒவ்வொரு எதிர்ப்பொருளுக்கும் சோதித்தே முடிவுசெய்ய வேண்டும். சூடு மிஞ்சினால் திசு, தான் ஒட்டியிருக்கும் கண்ணாடித் தகட்டை விட்டே உரிந்துவிடும்.