ஜீப்பின் இரண்டு கண்கள்: ஹெட்லைட் குனியக் கற்ற கதை

இரவில் எதிரே ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஹை பீமோடு வந்தால் நமக்கு என்ன தோன்றும்? "எவ்வளவு பவர் பல்பு போட்டிருக்கான் பாரு!" என்றுதான் திட்டுவோம். ஆனால் பல நேரம் குற்றவாளி பல்பு இல்லை, விளக்கு பார்க்கிற திசை! வரலாற்றைப் புரட்டினால் ஒரு வேடிக்கை தெரியும். வண்டிக்கு வெளிச்சம் கொடுக்க சில வருடங்கள்தான் ஆயின. அந்த வெளிச்சத்தைக் குனிய வைக்க நூறு வருடம் ஆகியும் வேலை முடியவில்லை.

கார்பைடில் இருந்து கரண்ட்டுக்கு

முதல் கார்களில் எண்ணெய் விளக்குகளும் அசெட்டிலின் விளக்குகளும் இருந்தன. கார்பைடு கல்லில் தண்ணீர் சொட்டினால் வாயு வரும், அதைப் பற்ற வைத்தால் வெள்ளை வெளிச்சம். 1908-ல் அமெரிக்காவின் பியர்லெஸ் நிறுவனம் மின்சார ஹெட்லைட்டைத் தன் கார்களில் கூடுதல் விலை இல்லாமலே கொடுத்தது. 1912-ல் காடிலாக், செல்ஃப் ஸ்டார்ட்டரையும் மின் விளக்கையும் ஒரே அமைப்பாகச் சேர்த்துவிட்டது. வெளிச்சப் பிரச்சினை தீர்ந்தது!

உடனே அடுத்த பிரச்சினை: எதிரே வருபவனுக்குக் கண் தெரியவில்லை.

1915-ல் கைடு லாம்ப் நிறுவனம் கீழே இறக்கக்கூடிய விளக்கைக் கொண்டுவந்தது. ஆனால் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய் இறக்க வேண்டும்! எதிரே வண்டி வரும்போதெல்லாம் யார் இறங்குவார்கள்? 1917-ல் காடிலாக் உள்ளேயே ஒரு லீவர் வைத்தது. 1924-ல் வந்த பைலக்ஸ் பல்புதான் பெரிய திருப்பம். ஒரே பல்புக்குள் இரண்டு ஃபிலமென்ட், ஒன்று தூரத்துக்கு, ஒன்று பக்கத்துக்கு. 1927-ல் காலால் அழுத்தும் டிம் சுவிட்ச் வந்தது. இன்று நாம் "டிம் அடிப்பது" என்று சொல்லும் பழக்கம் இப்படித்தான் பிறந்தது.

பூட்டி வைத்த வெளிச்சம்

இதிலும் ஒரு ஓட்டை இருந்தது. தூசியும் ஈரமும் உள்ளே புகுந்து ரிப்ளெக்டர் மங்கும். பல்பைக் கொஞ்சம் கோணலாக மாட்டினாலே வெளிச்சம் எங்கோ போகும். இதற்குப் பதில்தான் 1940 மாடல் அமெரிக்கக் கார்களில் வந்த சீல்டு பீம். கண்ணாடி, ரிப்ளெக்டர், ஃபிலமென்ட் மூன்றையும் 7 அங்குல வட்டத்துக்குள் ஒன்றாக அடைத்துவிட்டார்கள். ஃபிலமென்ட் எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தொழிற்சாலையே முடிவு செய்துவிட்டது. வண்டிக்காரனுக்கு மிச்சம் இருந்தது, முழு விளக்கையும் சரியான திசைக்குத் திருப்பும் இரண்டு திருகுகள் மட்டும்!

ஜீப் வருகிறது

1941 முதல் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் ராணுவத்துக்காக 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. அதன் ஹெட்லைட்டில் ஒரு விசேஷம் உண்டு. விளக்கு கீல் வைத்த தாங்கியில் கிரில்லுக்குப் பின்னால் இருக்கும். காது மாதிரி இருக்கும் ஒரு நட்டைத் தளர்த்தினால் விளக்கை அப்படியே பின்பக்கம் திருப்பி, இருட்டில் எஞ்சினைப் பார்த்து ரிப்பேர் செய்யலாம். ஹெட்லைட் என்பது திருப்பக்கூடிய பொருள் என்பதை இதைவிட நன்றாக எந்த வண்டியும் சொல்லவில்லை!

போர் முடிந்து 1945-ல் வந்த சிஜே-2ஏ என்ற சிவில் ஜீப்பில் ஹெட்லைட் பெரிதாகி கிரில்லின் முன்பக்கத்துக்கு வந்தது. 1940களின் இறுதியில் பம்பாயில் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை இணைத்து விற்கத் தொடங்க, அந்த உருண்டைக் கண்கள் நம் ஊர் ரோட்டுக்கும் வந்தன.

ஃபோர் வீல் டிரைவுக்கு மட்டும் ஏன் இந்தத் தொல்லை?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். விளக்கு தரையில் இருந்து 90 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. லோ பீமின் மேல் விளிம்பு 1 சதவீதம் கீழே சரிந்திருந்தால், 50 மீட்டர் தூரத்தில் அது 40 செ.மீ. உயரத்தில் இருக்கும். எதிர் வண்டியின் பம்பர் அளவு, யாருக்கும் தொல்லையில்லை. இப்போது வண்டியின் மூக்கு ஒரே ஒரு டிகிரி மேலே தூக்கினால்? அதே 50 மீட்டரில் வெளிச்சம் சுமார் 127 செ.மீ. உயரத்துக்குப் போகிறது. சாதாரணக் காரில் உட்கார்ந்திருப்பவரின் கண் அதற்கும் கீழேதான் இருக்கும்!

ஒரு டிகிரி தூக்க எவ்வளவு வேண்டும்? வில்லிஸ் ஜீப்பின் முன், பின் அச்சுகளுக்கு இடையே 80 அங்குலம்தான், அதாவது சுமார் 2 மீட்டர். பின்பக்கம் மூன்றரை செ.மீ. இறங்கினால் போதும். பின்னால் நாலு பேர், இரண்டு மூட்டை... முடிந்தது கதை. பெரிய டயர் போட்டால் விளக்கின் உயரமும் ஏறும். முன் ஸ்பிரிங்கை மட்டும் உயர்த்தினால் கோணமும் கெடும். காட்டுப் பாதையில் குலுங்கிக் குலுங்கித் தாங்கி வளைவது தனி.

இதை முதலில் புரிந்துகொண்டவர்களில் பிரெஞ்சுக்காரர்கள் உண்டு. 1948-ல் வந்த சிட்ரோவன் 2சிவி மெத்தென்ற ஸ்பிரிங் கொண்ட கார். பின்னால் ஆள் ஏறினால் மூக்கு தூக்கும். அதனால் ஓட்டுநர் உள்ளிருந்தே விளக்கை இறக்க ஒரு திருகு வைத்தார்கள்.

கறுப்புப் பெயின்ட் வைத்தியம்

நம் நாட்டில் வேறு வைத்தியம்: ஹெட்லைட்டின் மேல் பாதியில் கறுப்புப் பெயின்ட், அல்லது நடுவில் வட்ட ஸ்டிக்கர். நல்ல எண்ணம்தான். ஆனால் எச்4 பல்பு உள்ள விளக்கில் நடப்பதைப் பாருங்கள். லோ பீம் ஃபிலமென்ட்டுக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். அதனால் அந்த வெளிச்சம் ரிப்ளெக்டரின் மேல் பாதியில் மட்டும் பட்டு வெளியே வரும். ஹை பீம் முழு ரிப்ளெக்டரையும் பயன்படுத்தும். மேல் பாதியை மறைத்தால் பெரும்பாலும் மறைவது கண் கூசாத லோ பீம்! ஹை பீமில் பாதி அப்படியே வரும். ரோடு தெரியாமல் ஓட்டுநர் என்ன செய்வார்? ஹை பீமையே போடுவார்.

சுவரும் ஸ்குரூ டிரைவரும்

உண்மையான வைத்தியம் பழையது, செலவில்லாதது. டயர் காற்றைச் சரிபார்த்து, வழக்கமான பாரத்தோடு, சமதரையில் சுவரில் இருந்து 25 அடி தள்ளி வண்டியை நிறுத்துங்கள். இரண்டு விளக்கின் மைய உயரத்தையும் நேர்க்கோட்டையும் சுவரில் டேப் ஒட்டிக் குறியுங்கள். ஒரு விளக்கை மூடி மற்றதைப் பாருங்கள். லோ பீமின் மேல் விளிம்பு கோட்டுக்கு சுமார் 2 அங்குலம் கீழே இருக்க வேண்டும். ஒரு திருகு மேலும் கீழும், இன்னொன்று இடமும் வலமும் திருப்பும். பழைய வட்ட விளக்கில் வளையத்தைப் பிடித்திருக்கும் சின்னத் திருகுகளைத் தொடாதீர்கள். அவை விளக்கைப் பிடித்து வைக்கத்தான்.

ஒரே பல்பில் இரண்டு பீமும் இருந்தால் லோ பீமைச் சரிசெய்தாலே போதும், ஹை பீம் தானாகத் தன் இடத்துக்கு வரும். நாலு விளக்கு வண்டியில் ஹை பீமைத் தனியாகத் திருப்ப வேண்டும். அதன் மிகப் பிரகாசமான பகுதி மையக் குறியிலேயே விழ வேண்டும்.

புதுசு என்றால் சரியா?

புது வண்டியில் இந்தக் கவலை இல்லை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஐஐஎச்எஸ் அமைப்பு 2016-ல் 21 சிறிய எஸ்யூவிகளின் ஹெட்லைட்டைச் சோதித்தது. 'நல்லது' என்ற மதிப்பு ஒன்றுக்கும் கிடைக்கவில்லை! விளக்கின் கோணத்தை அவர்கள் தொடுவதில்லை, வண்டி வந்த கோணத்திலேயே சோதிப்பார்கள். வாங்குபவர்களில் பெரும்பாலானோரும் அதைத் தொடப் போவதில்லையே! எதிர் வண்டி இருக்கும் இடத்தை மட்டும் தானே இருட்டாக்கும் ஹை பீமுக்கு அமெரிக்கா 2022-ல்தான் அனுமதி கொடுத்தது.

ஆக, லீவரில் தொடங்கி கம்ப்யூட்டர் வரை எல்லோரும் செய்ய முயன்றது ஒன்றைத்தான்: எனக்கு ரோடு தெரிய வேண்டும், உனக்கும் தெரிய வேண்டும். இன்னும் பிரகாசமான பல்பு வாங்க கடைக்குப் போகும் முன், ஒரு சுவரைத் தேடுங்கள். எதிரே வருபவர் உயிரோடு வீடு போய்ச் சேர அந்த இரண்டு திருகுகள் போதும்.