பிழை கருவியிலா, கணக்கிலா?

சில மாதங்களுக்கு முன் இறுதியாண்டு மாணவத் தம்பி ஒருவர் தன் புராஜெக்ட் ரோபோவைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணா, இன்ஃப்ராரெட் சென்சார் தூரத்தைக் கூட்டியே காட்டுது. புரோகிராம்ல ஏதாவது ஒரு நம்பரால பெருக்கிச் சரிக்கட்டிடலாமா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிசிக்ஸ் லேபில் விடை புத்தகத்தில் உள்ளபடி வரும்வரை ரீடிங்கைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு எழுதிய பரம்பரைதானே நாம்! அவருக்குச் சொன்ன கதை இது.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் 'ஷோரான்' என்ற ரேடியோ கருவியை உருவாக்கியது. மேகம் மூடியிருந்தாலும் விமானம் தன் இடத்தை அறிந்து குண்டு வீசுவதற்காக. தரைநிலையத்துக்கு ஒரு துடிப்பை அனுப்பி, பதில் வரும் நேரத்தை அளப்பார்கள். அதை ஒளியின் வேகத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் தூரம். ரேடியோ அலைக்கும் ஒளிக்கும் வெற்றிடத்தில் ஒரே வேகம் அல்லவா?

அமெரிக்க நில அளவைத் துறையைச் சேர்ந்த கார்ல் அஸ்லாக்சன் இந்தக் கருவியை நெடுந்தூர அளவைக்குப் பயன்படுத்தினார். முக்கோண அளவை மூலம் முன்பே நன்கு தெரிந்த தூரங்களோடு ஒப்பிட்டால், ஷோரான் குறைத்தே காட்டியது. முதலில் கருவி மீதுதான் சந்தேகம். தேடியதில் ஒரு உண்மையான குறை கிடைத்தது: சிக்னலின் வலிமை மாறினால் சர்க்யூட்டில் ஏற்படும் தாமதமும் மாறியது. அதைத் திருத்தினார். அப்படியும் ஒரு பிழை மிஞ்சியது.

அந்தப் பிழையின் குணத்தைப் பாருங்கள். எல்லாத் தூரத்துக்கும் ஒரே அளவு பிழை என்றால், பூஜ்யம் தவறு. ரீடிங் மேலும் கீழும் ஆடினால், அது இரைச்சல். தூரம் கூடக்கூடப் பிழையும் அதே விகிதத்தில் கூடினால்? ஒன்று கருவியின் கடிகாரம் தவறு, அல்லது நாம் பெருக்கும் எண்ணே தவறு. கடிகாரத்தைச் சோதித்துவிடலாம். மிஞ்சுவது ஒளியின் வேகம்!

1941இல் பர்ஜ் என்ற இயற்பியலாளர் தொகுத்துத் தந்த மதிப்பு விநாடிக்கு 2,99,776 கி.மீ. கலிபோர்னியாவில் காற்று நீக்கிய ஒரு மைல் நீளக் குழாயில் மைக்கல்சன் தொடங்கி, அவர் 1931இல் மறைந்தபின் சகாக்கள் முடித்த சோதனையும் ஏறக்குறைய அதையே சொன்னது. வேறு சிலரின் சோதனைகளும் ஒத்துப்போயின. இத்தனை பேருக்கு எதிராக ஒரு சர்வேயர் என்ன பேச முடியும்? அஸ்லாக்சன் பேசினார். தன் அளவுகளிலிருந்தே கணக்கிட்டு, 2,99,792 என்று 1949இல் வெளியிட்டார். வித்தியாசம் வெறும் 16 கி.மீ.தான். ஆனால் 300 கி.மீ. தூரத்தை அளந்தால் 16 மீட்டர் பிசகும்.

அவர் தனியாகவும் இல்லை. இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் லூயி எஸ்ஸன், உலோகக் குடுவைக்குள் மைக்ரோவேவ் அலைகளை ஒத்ததிரச் செய்து கிட்டத்தட்ட அதே மதிப்பைப் பெற்றிருந்தார். ஸ்வீடனில் பெர்க்ஸ்ட்ராண்ட் தான் உருவாக்கிய 'ஜியோடிமீட்டர்' கருவியால் சுமார் 2,99,793 என்றார். இன்ஃப்ராரெட் ஒளியால் தூரம் அளக்கும் சர்வே கருவிகளுக்கு அதுதான் முன்னோடி. மூன்று வெவ்வேறு வழி, ஒரே விடை. 1957இல் சர்வதேச ரேடியோ அறிவியல் சங்கம் 2,99,792.5 என்ற மதிப்பை ஏற்றது. 1983 முதல் 2,99,792.458 என்பதை வைத்தே மீட்டருக்கு இலக்கணம் சொல்கிறோம்.

அன்று அஸ்லாக்சன் நம்மைப் போல ரீடிங்கைச் 'சமைத்திருந்தால்' அவருடைய ரிப்போர்ட் அழகாக இருந்திருக்கும். அவ்வளவுதான்.

சரி, தம்பியின் ரோபோ என்ன ஆயிற்று? ஸ்கேலை வைத்து 20, 40, 60 செ.மீ.யில் அளந்து அட்டவணை போடச் சொன்னேன். மூன்றிலும் 3 செ.மீ.தான் கூடுதல். பெருக்கிச் சரிக்கட்டியிருந்தால் ஒரு இடத்தில் சரியாகி மற்ற இடங்களில் கெட்டிருக்கும். பிறகு பார்த்தால், சென்சார் இருந்தது பம்பருக்கு 3 செ.மீ. பின்னால். இவர் அளந்தது பம்பரிலிருந்து! சென்சார் பாவம், உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

லேபில் இருக்கும் தம்பி தங்கைகளே, ரீடிங் ஒத்துவராவிட்டால் ரப்பரைத் தேடாதீர்கள். இன்னும் இரண்டு ரீடிங் எடுங்கள். நாங்கள் செய்யாமல் விட்டது அதுதான்.